இரண்டாவது பெயரில் விழுந்தது

புரோகிராம் எழுதும் எடிட்டரில் தப்பைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பல்பு எரிந்தால் உங்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடுகிறது. வேலையை விட்டு வந்த கடைசி நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன தப்பு என்று படிப்பதற்கு முன்னாலேயே விரல் பல்புக்குப் போய்விடும். அது காட்டும் முதல் யோசனையைத் தட்டுவீர்கள், சிவப்பு மறையும், டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். ஏமாந்து அசடு வழிகிறவனைப் பார்த்து ‘பல்பு வாங்கிட்டான்’ என்கிறோமே, அது மட்டும் அந்த எடிட்டரைச் செய்தவனுக்குத் தெரிந்திருந்தால் வேறு படம் போட்டிருப்பான்.

நான் பல்புக்கு விரோதி இல்லை. இம்போர்ட் வரி ஒன்று விட்டுப்போனதா, தட்டுங்கள். எழுத்துப் பிழையா, தாராளமாகத் தட்டுங்கள். ஆனால் நாம் புரோகிராம் எழுதும் ஜாவாவில் ஜெனரிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. லிஸ்ட் என்று எழுதி, பக்கத்தில் கூர் அடைப்புக்குள் ‘இதற்குள் இந்த வகைதான் இருக்கும், வேறு வகை வராது’ என்று வாக்குக் கொடுக்கிறோம். அந்த இடத்தில் பல்பு எரிந்தால் மட்டும் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பல்புக்குத் தெரியாது. சிவப்பை அழிக்க எது குறுக்கு வழியோ அதை எடுத்து நீட்டும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோதெல்லாம் உங்களில் சிலர் மானிட்டருக்குப் பின்னால் சிரித்தீர்கள். ‘மேடத்துக்கு பல்ப கண்டா பேய் புடிச்சிடும்’ என்று ஒருத்தன் சொன்னது என் காதிலும் விழுந்தது. கோபம் வந்தது, சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். என்னைப் பிடித்த அந்தப் பேய்க்குச் செல்வராணி என்று பெயர். பேய் இல்லை, தங்கமான பெண்.

அப்போது எங்கள் ஆபீஸ் மதகடிப்பட்டு கூட்டுரோட்டில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்தது. கீழே ஆணி, பெயின்ட், பைப். மேலே நாங்கள். இரண்டுக்கும் ஒரே முதலாளி. தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம், சாஃப்ட்வேர்தான் இனிமேல் வியாபாரம் என்று யாரோ சொல்லிக் கேட்டு மாடியைக் கட்டிவிட்டார். மோசமான மனிதர் இல்லை. எதையும் கடைக் கணக்கில்தான் யோசிப்பார். எங்கள் டீமுக்குத் தலைமையாக ஒரு சார் இருந்தார். அவர் பேரைச் சொல்லப்போவதில்லை. எனக்கு ஜாவாவே அவர் போட்ட பிச்சை. வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே பயந்து உட்கார்ந்திருந்தவளை ஆளாக்கியவர்.

செல்வராணிக்கு பாகூர் ஏரிக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பா ஏழுமலை கூலிக்கு நடவு நட்டு, அறுப்பு அறுத்து, கொஞ்சமாக நிலம் வாங்கியவர். மகள் எம்.சி.ஏ. படித்து எங்களிடம் வந்தாள். ஓயாமல் பேசுவாள், டிபன் பாக்ஸைத் திறந்தால் எல்லோருக்கும் ஒரு கை எடுத்து வைப்பாள். என்னை ‘கா, கா’ என்றுதான் கூப்பிடுவாள். காக்காவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்குடி என்று நான் திட்டுவேன்.

நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி எங்களிடம் வேலை கொடுத்தது. அறுப்புச் சமயத்தில் மெஷின் யார் வயலுக்கு முதலில், யார் வயலுக்கு அடுத்து என்பதில்தான் எல்லாச் சண்டையும். அதுவரைக்கும் வரப்பில் ஒரு புரோக்கர் நின்றுகொண்டு, யார் கவனிக்கிறார்களோ அவர்கள் பக்கம் மெஷினைத் திருப்பிவிடுவான். அதற்குப் பதிலாக ஊரே கூடிக் குலுக்கல் போட்டு முறை எடுப்பது, அந்த முறை டிரைவரின் போனில் வரிசையாகத் தெரிவது, யாரும் நடுவில் நுழைய முடியாது. இதுதான் நாங்கள் செய்தது. முதலில் எந்த ஊரிலும் ஒத்துக்கொள்ளவில்லை. செல்வராணிதான் தன் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பேசினாள்.

“போன்ல பேரு வந்தா வந்ததுதான் சித்தப்பா. யாராலயும் மாத்த முடியாது, நானே நெனச்சாலும் முடியாது” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது.

தை மாதம், அறுப்பு. மோட்டார் கொட்டகையில் குலுக்கல் போட்டார்கள். முதல் சீட்டு ஏழுமலைக்கு விழுந்தது. இரண்டாவது முனுசாமி. ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற ஆள். அவர் முதலில், மகள் வீட்டில் விசேஷம், என் முறையைப் பின்னால் போடுங்கள் என்று கேட்டார். காத்திருப்புப் பட்டியலுக்குப் போனார். மறுபடி, வானம் சரியில்லை, என் பழைய இடத்துக்கே என்னைப் போடுங்கள் என்றார். போட்டார்கள். காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஒருவர் வரிசைக்குத் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பட்டியல் காலியாகத்தான் இருந்தது.

காலையில் மெஷின் வந்தது. டிரைவர் போனைப் பார்த்தார். ஏழுமலை என்று ஒரு பெயர். அறுத்தார். மறுபடி பார்த்தார். அதே ஒரு பெயர்தான், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மெஷினை லாரியில் ஏற்றிப் பக்கத்து கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போய்விட்டார். ஊர்க்காரர்கள் போன் பண்ணித் தேடிப் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் அப்படி ஒரு மழை. அந்த மெஷின் டயர் வண்டி, சேற்றில் இறங்காது. கதிரெல்லாம் தண்ணீரில் சாய்ந்தது, சாய்ந்தது முளை விட்டது. ஊரிலேயே ஒரு வயல் மட்டும் கரையேறியது. சாஃப்ட்வேர் எழுதின பெண்ணின் அப்பா வயல்.

ஊரில் என்ன சொல்வார்கள், அப்பா வயலோடு மகள் மெஷினை நிறுத்திவிட்டாள் என்றுதானே? அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மழை விட்ட மறுநாள் ஆபீஸில் மெஷின் கம்பெனிக்காரர் போனில் கத்திக்கொண்டே இருந்தார். புரோகிராம் ஓடியதைக் குறித்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தோம். முறையை வரிசையாக எழுதும் பக்கம் முதல் பெயரை எழுதியிருக்கிறது, இரண்டாவதை எழுதப் போகும்போது ஓட முடியாமல் விழுந்திருக்கிறது. ‘முறை என்று எடுத்தேன், உள்ளே இருந்தது முறை இல்லை’ என்கிற மாதிரி ஒரு பிழை. விழுந்த லைன் நம்பரும் போட்டிருந்தது. அந்த லைனை எழுதியவள் செல்வராணி.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “என் லைன்தான்க்கா. நான்தான் எதையோ தப்பா பண்ணிட்டேன்” என்றாள். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அடுத்தவர் பழி போடும் முன்னால் அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அந்த லைனை நான் பார்த்தேன். லிஸ்டிலிருந்து ஒரு முறையை எடு, பெயரை எழுது. ஒரு குற்றமும் இல்லாத லைன். முறைகள் மட்டுமே இருக்கும் என்று வாக்குக் கொடுத்த லிஸ்ட் அது. அதற்குள் வேறு ஒன்று எப்படி வந்தது?

“முதலாளி, விழுந்த இடம்தான் தெரியுது. காரணம் இன்னும் தெரியல. நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க” என்றேன்.

“அவன் சாயங்காலத்துக்குள்ள பேரு கேக்கறாம்மா.”

“பேரு எதுக்கு? தப்பு இன்னான்னு சொல்லுவோம்.”

“இன்னாம்மா நீ? கீழ கடையில எட கொறஞ்சா எந்தப் பையன் எட போட்டான்னுதான கேப்பாங்க? பேரு சொன்னா அடங்கிடுவான். பொண்ண வேலைய வுட்டா தூக்கப்போறேன்? சும்மா ஒரு பேரு.”

சார் பக்கம் திரும்பினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “லைன் அவங்களுதுதானே” என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தபிறகு நான் என்ன பேச? செல்வராணியும் தலையாட்டிவிட்டாள். செல்வராணியின் பெயரோடு மெயில் போனது. மெஷின் கம்பெனிக்காரர் தன் தலை தப்பினால் போதும் என்று அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், மோட்டார் கொட்டகையில் ஊரைக் கூட்டித் தமிழில் படித்துக் காட்டிவிட்டார்.

காரணத்தை நான் மறுநாள் காலையில் கண்டுபிடித்தேன். ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. காத்திருப்புப் பட்டியலை வரிசையில் சேர்க்கும் இடத்தில் இரண்டு லிஸ்ட்டும் வேறு வேறு வகை. எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒழுங்காகத்தான் சிவப்புக் கோடு போட்டுத் தடுத்திருக்கிறது. யாரோ பல்பைத் தட்டியிருக்கிறார்கள். பல்பு என்ன செய்தது தெரியுமா? கூர் அடைப்பையே எடுத்துவிட்டது. எந்த வகை என்ற பேச்சே இல்லாத வெறும் லிஸ்ட். சிவப்பு போய் மஞ்சளானது. மஞ்சளுக்கும் ஒரு பல்பு எரியும் அல்லவா, அதையும் தட்டியிருக்கிறார்கள். ‘இந்த எச்சரிக்கையை இனிமேல் காட்டாதே’ என்று ஒரு வரி மேலே உட்கார்ந்துகொண்டது. கோடு இல்லை, குறை இல்லை, பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஓடும்போது ஜாவா லிஸ்டின் வகையைச் சரிபார்க்காது என்று உங்களுக்குத் தெரியும். முனுசாமி காத்திருப்பிலிருந்து வரிசைக்குத் திரும்பியபோது, தப்பான சரக்கு சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எடுக்கப் போனவள் கையில்தான் வெடித்தது.

அந்த வரியை யார் சேர்த்தது என்று பழைய பதிவுகளில் தேடினேன். சாரின் பெயர்.

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “நானா? சத்தியமா ஞாபகமே இல்லம்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். கையால் எழுதிய தப்பு எங்கேயாவது மனதில் தங்கும். நடு இரவில் உறுத்தும், குளிக்கும்போது ஞாபகம் வரும். விரலால் தட்டிய தப்பு தங்காது. டெமோவுக்கு ஆள் கீழே வந்து நிற்கும் அவசரத்தில் தட்டியிருப்பார், மறந்திருப்பார். நல்ல மனிதர், உடனே இன்னொரு மெயில் எழுதினார். தப்பு என்னுடையது, செல்வராணிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று முழுசாக எழுதினார். நானே உட்கார்ந்து படித்தேன், ஒரு வார்த்தை மழுப்பவில்லை. ஆனால் அந்த மெயிலை யாரும் மோட்டார் கொட்டகையில் படிக்கவில்லை. கம்பெனிக்காரருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, இன்னொன்று தேவைப்படவில்லை.

“மெயில வுடுக்கா. எங்கப்பா தெருவுல நடக்க முடியல. டீக்கடையில அவரு போய் ஒக்காந்தா பெஞ்சு காலியாயிடுது” என்றாள் செல்வராணி. சரி, நானே வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன். பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அழுகின நெல் வாடை.

டீக்கடையில் முனுசாமியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். ஜெனரிக்ஸை எப்படிச் சொல்வது? அப்போதைக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

“அண்ணா, ஒரு ரைஸ்மில்லுன்னு வச்சிக்குங்க. வாசல்ல ஒருத்தன் நின்னுகினு மூட்ட மேல இருக்கற சீட்டப் பாத்துதான் உள்ள வுடுவான். பொன்னின்னா பொன்னி ரூமுக்கு. உள்ள போனதும் சீட்டக் கிழிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் மூட்டையில இன்னா இருக்குதுன்னு பிரிச்சாதான் தெரியும்.”

“செரி” என்றார் முனுசாமி.

“ஒருநாள் சீட்டு ஒத்துவராத மூட்ட ஒண்ணு வருது. வாசல்காரன் நிறுத்தறான். பெரியவரு ஒருத்தரு, நேரமாவுதுன்னு, வாசல்காரன ஓரமா ஒக்கார வச்சிட்டு மூட்டைய உள்ள தள்ளிட்டாரு. உள்ள இந்தப் பொண்ணு பொன்னின்னு நம்பி மூட்டையப் பிரிச்சி மெஷின்ல கொட்டறா. கொட்டினா உளுந்து. மெஷின் நின்னுபோச்சி. எல்லாரும் ஓடிவந்து பாக்கறாங்க. மூட்டகிட்ட யாரு நிக்கறா?”

“பிரிச்சவ நிக்கறா.”

“அவ்ளோதாண்ணா. முன்னாடி இருந்த மூட்ட ஒழுங்கா அரைச்சாச்சி, அது அவங்க அப்பாவுது. அது குலுக்கல்ல வந்தது. நீங்களே பாத்து எடுத்த சீட்டு.”

முனுசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

“நீ சொல்றது புரியுதும்மா. புரியலன்னு இல்ல. ஆனா தள்ளி வுட்டவரு எங்க? அவரு ஏன் வரல? நீ இந்தப் பொண்ணுகூட வேல செய்யறவ, அவ வண்டியில வந்து எறங்கற. நீ அவளுக்குத்தான் பேசுவ. அவரு வந்து, ‘நான்தான்யா தள்ளினேன்’னு இந்த பெஞ்சுல ஒக்காந்து ஒரு வார்த்த சொல்லட்டும். யாரும் அவர அடிக்கப் போறதில்ல. நாங்களே ஏழுமல வூட்டுக்குப் போயி அவர இட்டாந்து ஒக்கார வெக்கிறோம்.”

நியாயமான பேச்சு. இவ்வளவுதானே, சாரைக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தேன். செல்வராணி அன்றைக்குத்தான் திரும்பும் வழியில் சிரித்தாள். “கா, சாருக்கு எங்க வூட்ல மீன் கொழம்பு வெக்கச் சொல்றேன். பனித்திட்டு கடக்கரையிலேர்ந்து மீனு வாங்கியாந்துடுவாரு எங்கப்பா” என்றாள்.

சார் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். மீன் வாங்கினார்கள். ஏழுமலை வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். முனுசாமியும் ஆட்களைக் கூட்டி வைத்திருந்தார். மத்தியானம் ஆயிற்று, வெயில் சாய்ந்தது. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. முனுசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “செரிம்மா, நாங்க கெளம்பறோம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழம்பு அப்படியே இருந்தது. அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சாரிடம் சண்டைக்குப் போனேன். “மெயில்லதான் எல்லாம் எழுதிட்டேனேம்மா, நேர்ல வேற எதுக்கு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அதற்குப் பிறகு அவரிடம் வேலை தவிர வேறு பேச்சு நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர் ரிடையர் ஆன அன்றைக்குத்தான், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். “அன்னிக்கு வந்தேம்மா. ஏரிக்கரை வரைக்கும் பைக்ல வந்தேன். சாஞ்சி கெடந்த வயலப் பாத்ததும் வண்டிய நிறுத்திட்டேன். அதுக்கு மேல கால் வரல” என்றார். கண் கலங்கியிருந்தது. என்னை ஆளாக்கிய கை நினைவுக்கு வந்தது, அந்த மீன் குழம்பும் நினைவுக்கு வந்தது. போயிட்டு வாங்க சார் என்றேன்.

செல்வராணியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. முதலாளி, பழசை மறந்துடும்மா என்று ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் கொடுத்தார். அவளால் முடியவில்லை. சிவப்புக் கோடு வந்தாலே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவாள். எழுதிய லைனையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒருநாள், “கா, எனக்கு இது வாணாம்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்போது ஒரு ஃபேக்டரியில் ஸ்டோரில் வேலை. உங்கள் எல்லோரையும்விட நன்றாக எழுதியவள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மை அது.

உங்களுக்கு என்ன சொல்ல? விழுந்த இடம் வேறு, தள்ளிய இடம் வேறு என்று சொல்லலாம், அது உங்களுக்கே தெரியும். சாயங்காலத்துக்குள் பெயர் வேண்டும் என்று யாராவது கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள். கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கக் கம்ப்யூட்டரில் வழி கிடையாது. நேரில் போய் உட்கார வேண்டும், அதற்குக் கால் வர வேண்டும். பல்பைத் தட்டினால், தட்டியது என்ன செய்தது என்று ஒரு நிமிடம் படியுங்கள். கூர் அடைப்பு காணாமல் போயிருந்தால் டீ ஆறினாலும் பரவாயில்லை, உட்காருங்கள்.

இந்தத் தையில் ஒரு கல்யாணத்துக்காகச் செல்வராணியின் ஊர்ப் பக்கம் போனேன். அந்த ஊரில் இப்போதும் குலுக்கல்தான். எங்கள் சாஃப்ட்வேர் இல்லை, வேறு யாரோ செய்தது, ஒழுங்காக ஓடுகிறதாம். ஆட்டோக்காரர் உள்ளூர்க்காரர், அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ஏரியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள், வைக்கோல் கட்டு கட்டாகக் கிடந்தது. நடுவில் ஒன்று மட்டும் அறுக்காமல் நின்றது. கதிர் முற்றித் தலை தொங்கி, மணி உதிர ஆரம்பித்திருந்தது.

“அது ஏன்பா அப்படியே நிக்குது?” என்றேன்.

“அவரு குலுக்கல்ல பேரே போட மாட்டாருங்க” என்றார் ஆட்டோக்காரர். “எல்லாரும் அறுத்தப்புறம்தான் அவரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. எத்தினியோ வருசமா அப்படித்தான்.”

யார் வயல் என்று நான் கேட்கவில்லை.